கம்ப்யூட்டர் கண்டுக்காத ஆடியோ இன்டர்ஃபேஸ்: ரிச்சி ஸ்ட்ரீட் சர்வீஸ் கடை ஒண்ணு பத்தின ரிவ்யூ

ஆடியோ இன்டர்ஃபேஸோ (மைக்க கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) யூஎஸ்பி மைக்கோ டிஏசியோ (கம்ப்யூட்டர்ல இருக்கிற பாட்ட ஹெட்ஃபோனுக்கு ஏத்த சிக்னலா மாத்தற பெட்டி) எதுவா வேணா இருக்கட்டும், லைட் எரியுது ஆனா கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குதுனு யாராவது மண்டைய பிச்சிக்கிட்டு இருந்தா இந்த ரிவ்யூ அவங்களுக்குத்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல ஒரு மாடிக் கடை, ஆம்ப்ளிஃபயர் மிக்சர் கீபோர்டு எல்லாம் சர்வீஸ் பண்றவங்க, என்னோட இன்டர்ஃபேஸ் அங்கதான் சரியாச்சு. 5க்கு 4.5 தாராளமா குடுப்பேன், அந்த அரை ஏன் கொறஞ்சுதுன்னு கீழ சொல்றேன். கடைப் பேரு போடல, ஏன்னா கடைக்காரரு "இருக்கிற வேலையே முடிக்க முடியல, நெட்டுல போட்டு கூட்டத்த சேத்துடாதம்மா"னு கேட்டுக்கிட்டாரு, அவரு கேட்டத மதிக்கணும். ஆனா அவரு எப்படி கோளாற கண்டுபிடிச்சாருங்கறத முழுசா எழுதுறேன். அதுல பாதி நீங்க வீட்லயே பண்ணிடலாம், மீதிக்கு எந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் அந்த ஆளுக்கு வேலை தெரியுமா தெரியாதானு பாத்ததும் புரிஞ்சிடும்.

என் பொருளோட நெலமைய மொதல்ல சொல்லிடறேன். நான் வாய்ஸ் ஓவர் பண்றேன், ரேடியோ விளம்பரம், ஆன்லைன் கோர்ஸ், சில சமயம் ஆடியோ புக். வீட்ல ஒரு சின்ன ரூம், ஒரு கண்டென்சர் மைக், ரெண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ், விண்டோஸ் 11 லேப்டாப், அவ்ளோதான் என் ஸ்டூடியோ. நல்லா ஓடிட்டு இருந்த இன்டர்ஃபேஸ் திடீர்னு ஒரு நாள் சொருகினதும் ஓரத்துல "யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்ட்"னு மெசேஜ், டிவைஸ் மேனேஜர்ல (சொருகியிருக்கிற சாதனத்தோட லிஸ்ட் காட்டற விண்டோஸ் பக்கம்) போய் பாத்தா மஞ்சக் கலர் முக்கோணத்தோட "அன்நோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்", உள்ள கோட் 43னு எரர் நம்பரு. கேபிள் மாத்தி பாத்தாச்சு, போர்ட் மாத்தி பாத்தாச்சு, டிரைவர தூக்கிட்டு புதுசா போட்டாச்சு, தம்பியோட மேக்புக்ல சொருகியும் பாத்தாச்சு, ஒண்ணும் வேலைக்காவல. சர்வீஸ் சென்டர்ல கொண்டு போய் குடுத்தா, தொறந்துகூட பாக்காம "போர்டு போயிடுச்சு மேடம், போர்டுதான் மாத்தணும்"னாங்க, அவங்க சொன்ன ரேட்டோட இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே வாங்கிடலாம். டெலிவரி குடுக்க வேண்டிய வேலை கையில இருக்கும்போது இந்த பதில கேட்டா எப்படி இருக்கும்னு இந்த லைன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும்.

தெரிஞ்ச சவுண்ட் இன்ஜினியர் ஒருத்தர்தான் இந்த பாய் கடைய சொன்னாரு. நான் போனப்போ முன்னாடி ஒரு பெரிய பவர் ஆம்ப் தொறந்து கெடக்குது, ரெண்டு பசங்க ஸோல்டரிங் பண்ணிட்டு இருக்காங்க. நான் இன்டர்ஃபேஸ வெளிய எடுத்ததும் அவரு அத தொடவே இல்ல, மொதல்ல கேள்விதான்.

"லைட் எரியுதாம்மா?"

"எரியுது பாய், மைக்குக்கு பவர் குடுக்கற 48 வோல்ட் லைட்டும் எரியுது."

"சொருகும்போது கம்ப்யூட்டர்ல டிங்குனு சத்தம் வருதா இல்ல சத்தமே இல்லையா?"

"சத்தம் வருது, கூடவே நாட் ரெகக்னைஸ்டுனு மெசேஜும் வருது."

"அப்போ சரி, பொழச்சிக்கும்"னாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல, அப்புறம் அவரே வெளக்கினாரு, இதுதான் இந்த ரிவ்யூல நீங்க கண்டிப்பா தெரிஞ்சிக்க வேண்டியது. ரெகக்னைஸ் ஆகலன்னு எல்லாரும் ஒரே வார்த்தைல சொல்றோம், ஆனா அது ரெண்டு தனித்தனி வியாதி. யூஎஸ்பி கேபிளுக்குள்ள நாலு ஒயர், 5 வோல்ட் ஒண்ணு, கிரவுண்ட் ஒண்ணு, டேட்டாவுக்கு டி பிளஸ், டி மைனஸ்னு ரெண்டு. லைட் எரியறதுக்கு மொத ரெண்டு ஒயர் மட்டும் போதும், அதனால லைட் எரியுதேனு வச்சு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. பொருள் சொருகினதும் அதுக்குள்ள இருக்கிற 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் டி பிளஸ் ஒயர மேல இழுக்கும், அத வச்சுத்தான் ஏதோ வந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்கே தெரியும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் "யாருப்பா நீ"னு கேக்கும், பொருள் தன்னோட கம்பெனி நம்பரு, மாடல் நம்பரு, நான் ஆடியோ சாதனம்னு ஒரு சின்ன தகவல அனுப்பும், இதுக்குப் பேருதான் டிஸ்கிரிப்டர். இந்த அறிமுகமே நடக்கலன்னா அது ஒயரு, ஜாக்கு, போர்டு சம்பந்தப்பட்ட விஷயம், நீங்க விண்டோஸ ஃபார்மேட் பண்ணாலும் வராது. அறிமுகம் நடந்து பேரெல்லாம் காட்டிட்டு அதுக்கப்புறம் சத்தம் வரலன்னா அது டிரைவர், செட்டிங் சம்பந்தப்பட்டது, பொருள தூக்கிட்டு கடைக்கு அலையவே வேணாம்.

இத வீட்லயே எப்படி பிரிச்சுப் பாக்கறதுன்னும் சொல்லிக் குடுத்தாரு. டிவைஸ் மேனேஜர்ல அந்தப் பொருள் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் டேப், அதுல ஹார்ட்வேர் ஐடிஸ். அங்க விஐடி (கம்பெனி நம்பரு) 0000, பிஐடி (மாடல் நம்பரு) 0002னு இருந்தா பொருள் பேரே சொல்லலன்னு அர்த்தம். ஒழுங்கான நம்பர் இருந்தா, உதாரணத்துக்கு விஐடி 0டி8சினு இருந்தா சி-மீடியா சிப்பு, 08பிபினு இருந்தா டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பு, 1235னு இருந்தா ஃபோகஸ்ரைட், அந்த மாதிரி எதாவது தெரிஞ்சா பொருள் உயிரோட இருக்கு, பேசுது, கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். என்னோடது 0000.

இப்ப பெஞ்சுல நடந்தத சொல்றேன், இதுக்காகத்தான் 4.5.

மொதல்ல ஒரு சின்ன யூஎஸ்பி மீட்டர நடுவுல போட்டு சொருகினாரு, 5 வோல்ட் ஒழுங்கா வருது, கரண்டும் இழுக்குது. அப்புறம் ஒரு சாதா மைக்க சொருகி டைரக்ட் மானிட்டர் சுவிட்ச ஆன் பண்ணிட்டு ஹெட்ஃபோன என்கிட்ட குடுத்து "ஹலோ சொல்லும்மா"னாரு, என் குரல் சுத்தமா கேக்குது. டைரக்ட் மானிட்டர்ங்கறது மைக்ல இருந்து நேரா ஹெட்ஃபோனுக்குப் போற வழி, கம்ப்யூட்டர் வழியா போயிட்டு வர்றதில்ல, அதனால அதுக்கு டேட்டா ஒயரே வேணாம். ஒரு நிமிஷம்கூட ஆகல, மைக் ப்ரீஆம்ப் (மைக் சத்தத்த பெருசாக்கற பகுதி), ஹெட்ஃபோன் ஆம்ப், பவர் சப்ளை மூணும் நல்லா இருக்குன்னு தெரிஞ்சிடுச்சு. போர்டு போச்சுன்னு சொன்னவங்க இத பண்ணிப் பாத்திருந்தாலே அப்படி சொல்லியிருக்க மாட்டாங்க. வீட்ல உங்களுக்கும் இது முடியும், காசே செலவில்ல, ஒரு மொபைல் சார்ஜர்ல இன்டர்ஃபேஸ சொருகி டைரக்ட் மானிட்டர் போட்டு பேசிப் பாருங்க.

அடுத்து அவரோட பழைய டெஸ்க்டாப், அதுல லினக்ஸ் போட்டு வச்சிருக்காரு. ஏன் லினக்ஸ்னு கேட்டேன். விண்டோஸ் அன்நோன் டிவைஸ்னு ஒரு வரில முடிச்சிக்கும், இது என்ன நடந்துச்சுன்னு வரி வரியா சொல்லும்ங்கறாரு. டிமெசேஜ்னு (dmesg) ஒரு கமாண்ட் ஓட விட்டுட்டு சொருகினாரு, ஸ்க்ரீன்ல "டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71"னு திரும்பத் திரும்ப வருது, கடைசில "அனேபிள் டு எனுமரேட் யூஎஸ்பி டிவைஸ்"னு விட்டுடுச்சு. -71னா பதில் வருது ஆனா கொழகொழன்னு வருது, -110னா பதிலே வராம நேரம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமாம். எந்த வரியுமே வரலன்னா சொருகினதே கம்ப்யூட்டருக்குத் தெரியல, அப்போ டேட்டா ஒயர் அறுந்திருக்கும் இல்லன்னா சார்ஜிங் கேபிளா இருக்கும். நமக்குப் பாத்தா எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்யல, அவருக்கு அது மூணு வேற வேற எடம்.

உங்ககிட்ட லினக்ஸ் இல்லன்னா உபுன்டுவ ஒரு பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம ட்ரை உபுன்டுன்னு குடுத்து இதையே பாக்கலாம், உங்க விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாது. எல்எஸ்யூஎஸ்பினு (lsusb) அடிச்சா சொருகியிருக்கிற எல்லாத்தோட பேரும் வரும், அதுல உங்க பொருள் வந்துச்சுன்னா குத்தம் விண்டோஸ் டிரைவர் மேலதான்.

அப்புறம்தான் மல்டிமீட்டர எடுத்தாரு. இன்டர்ஃபேஸ் பின்னாடி இருக்கிற சதுர ஜாக், டைப் பி, அதுல நாலு பின்னு. மீட்டர டையோட் மோட்ல வச்சு சிவப்பு புரோப கிரவுண்ட்ல வச்சுக்கிட்டு கருப்பால டி பிளஸ தொட்டாரு, 0.5 வோல்ட் சொச்சம். டி மைனஸ தொட்டாரு, பீப்புனு சத்தம், 0.00. மீட்டர என் பக்கம் திருப்பி "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்மா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும், ஒருத்தன் தரைல விழுந்து கெடக்கான் பாரு"னாரு. அதாவது டி மைனஸ் ஒயரு கிரவுண்டோட ஷார்ட். டி பிளஸ் நல்லா இருக்கறதால வந்திருக்கேன்னு கம்ப்யூட்டருக்கு சொல்லிடுது, ஆனா பேசறதுக்கு ரெண்டு ஒயரும் வேணும், ஒண்ணு தரைல ஒட்டிக்கிட்டதால பேச்சு கொழறுது. எரர் -71 ஏன் வந்துச்சுன்னு எனக்கே அப்ப வெளங்கிடுச்சு.

ஸ்க்ரூ கழட்டி போர்ட வெளிய எடுத்தாரு, யூஎஸ்பி ஜாக்குக்குப் பக்கத்துலயே ஆறு காலோட எள்ளு சைஸ்ல ஒரு கருப்பு சிப்பு, லென்ஸ்ல காட்டினாரு, அதோட முதுகுல ஒரு ஊசிமுனை அளவுக்குப் பொத்தல். அதுதான் ஈஎஸ்டி ப்ரொடெக்ஷன் சிப்பு. ஸ்டேட்டிக் கரண்ட் எதாவது டேட்டா ஒயர் வழியா உள்ள பாஞ்சா மெயின் சிப்ப காப்பாத்த அத கிரவுண்டுக்கு தள்ளிவிடறதுதான் அதோட வேலை, ரொம்ப பெரிய அடி வந்தா அதுவே ஷார்ட் ஆகி செத்துடும். ஹாட் ஏர்ல சூடாக்கி அத தூக்கினாரு, திரும்ப மீட்டர வச்சாரு, ரெண்டு பின்னும் 0.5 சொச்சம். சிப்பே இல்லாம அப்படியே லினக்ஸ்ல சொருகினாரு, கம்பெனி பேரு மாடல் பேரோட ஒரு வரி வந்து நின்னுச்சு. நான் சத்தமா "வந்துடுச்சு பாய்"னு கத்திட்டேன், கடைல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

இத்தோட மூடிக் குடுத்து காசு வாங்கற ஆளுங்களும் இருக்காங்களாம், ஏன்னா அந்த சிப்பு இல்லாமலும் பொருள் ஓடும். இவரு அப்படி பண்ணல. "இது இல்லாம குடுத்தா அடுத்த அடி நேரா மெயின் சிப்புக்குப் போகும், அப்ப நெஜமாவே போர்டு போயிடும்"னு சொல்லி டப்பால இருந்து அதே மாதிரி ஒரு சிப்ப எடுத்து வச்சு, அது கூடவே யூஎஸ்பி ஜாக்கோட காலுங்களையும் புது ஈயம் வச்சு பத்த வச்சாரு, தெனமும் சொருகி கழட்டி அங்க ஈயம் லேசா விரிசல் விட்டிருந்துச்சு. மொத்தம் 600 ரூபா. சர்வீஸ் சென்டர்ல கேட்ட காசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இந்த அடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டாரு பாருங்க, அதுக்காகவே தனியா ஒரு பாராட்டு. உங்க லேப்டாப் சார்ஜர் ரெண்டு பின்னா மூணு பின்னா, வீட்ல எர்த் இருக்கா, ஸ்பீக்கர் எந்த பிளக்ல இருக்குன்னு எல்லாம் விசாரிச்சாரு. எர்த் இல்லாத பிளக்ல லேப்டாப்ப சார்ஜ் போட்டுட்டு அதோட மெட்டல் பாடிய தடவினா லேசா விர்ருனு ஒரு கூச்சம் தெரியும்ல, அது சார்ஜருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் வழியா கசியற கரண்ட். ஆளுக்கு ஒண்ணும் ஆகாத அளவுதான், ஆனா லேப்டாப் ஒரு வோல்டேஜ்ல மெதந்துக்கிட்டு இருக்கு, ஸ்பீக்கரோ மிக்சரோ எர்த்தோட இன்னொரு பக்கம் இருக்கு, நடுவுல நம்ம இன்டர்ஃபேஸ் ஒயரு வழியா ரெண்டும் சேர்ற அந்த நொடில பாயற கரண்ட் முழுக்க இது தலைலதான் விடியும். யூஎஸ்பி பிளக்ல வெளிக்கூடு மொதல்ல தொடற மாதிரியும் பவர் பின்னு ரெண்டும் நீளமாவும் டேட்டா பின்னு குட்டையாவும்தான் வச்சிருக்காங்க, அதாவது டேட்டா கடைசியா தொடணும்னே டிசைன். ஆடியோ ஜாக்ல அது தலைகீழ், சிக்னல் முனைதான் மொதல்ல உள்ள போகும். அதனால எல்லாத்தையும் ஆஃப்ல வச்சு ஒயர்லாம் சொருகிட்டு, யூஎஸ்பியும் சொருகிட்டு, கடைசியா ஸ்பீக்கர் பவர ஆன் பண்ணுங்க, லேப்டாப்பும் ஸ்பீக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல, எர்த் உள்ள பிளக்ல இருக்கட்டும்னாரு. எங்க வீட்டு எலக்ட்ரீஷியன கூட்டிட்டு வந்து பாத்தா அந்த ரூம் பிளக்ல எர்த் ஒயரே கனெக்ட் பண்ணாம மடிச்சு உள்ள விட்டிருக்காங்க. வாடகை வீட்ல இருக்கறவங்க கண்டிப்பா இத செக் பண்ணுங்க, இன்டர்ஃபேஸ விடுங்க, உயிருக்கே இது முக்கியம்.

நான் வேலை முடியற வரைக்கும் உக்காந்திருந்ததுல மத்தவங்க கொண்டு வந்த கேஸையும் பாத்தேன், எல்லாமே ரெகக்னைஸ் ஆகலதான், ஆனா ஒண்ணுகூட என்னோடது மாதிரி இல்ல.

ஒரு பையன் டிஏசி கொண்டு வந்தான், போன்ல ஓடுது, தம்பியோட மேக்ல ஓடுது, அவனோட விண்டோஸ் 7 டெஸ்க்டாப்ல மட்டும் வரல. பாய் தொறக்கவே இல்ல, "பொருள் நல்லா இருக்கு தம்பி, உன் விண்டோஸுக்குத்தான் வயசாயிடுச்சு"ன்னுட்டாரு. யூஎஸ்பி ஆடியோவுக்கு கிளாஸ் 1, கிளாஸ் 2னு ரெண்டு ஸ்டாண்டர்டு இருக்கு, 1 வந்தது 1998, 2 வந்தது 2006. மேக்ல 2010லயே கிளாஸ் 2க்கு உள்ளேயே டிரைவர் வந்துடுச்சு, மைக்ரோசாஃப்ட் அத விண்டோஸ் 10ல 2017ல வந்த 1703 வெர்ஷன்லதான் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி உள்ள எந்த விண்டோஸா இருந்தாலும் கம்பெனியோட டிரைவர தனியா போட்டே ஆகணும். சில டிஏசில கிளாஸ் 1 மோடுக்கு மாத்தற வசதி இருக்கும், அவனோடதுலயும் பட்டன அமுக்கிப் பிடிச்சா மாறுச்சு, அந்தப் பையன்கிட்ட காசே வாங்கல.

இன்னொருத்தர் சர்ச்ல சவுண்ட் பாக்கறவரு, லேப்டாப்பையும் கையோட கொண்டு வந்திருந்தாரு. டிவைஸ் மேனேஜர்ல பேரோட காட்டுது, ஆனா ரெக்கார்டிங்ல கோடு நேரா போகுது, சத்தம் ஏறவே இல்ல. செட்டிங்ஸ்ல பிரைவசி, அதுல மைக்ரோஃபோன், அதுல டெஸ்க்டாப் ஆப்ஸுக்கு மைக் அனுமதி ஆஃப்ல இருந்துச்சு. மைக்னு போட்டிருக்கறதால கீபோர்டு லைன் இன்புட்டுக்கு இது சம்பந்தமில்லன்னு நெனைப்போம், ஆனா விண்டோஸுக்கு உள்ள வர்ற எல்லா ஆடியோவுமே மைக்தான். ஆன் பண்ணதும் வந்துடுச்சு. அந்தப் பெரியவரு நெஞ்சுல கை வச்சு நன்றி சொன்னாரு.

கடைல ஓயாம வர்ற கேஸ்னு அவரு சொன்ன சிலத அப்படியே எழுதிடறேன், வரிசை கிரிசை எல்லாம் பாக்காதீங்க. ஹப்ல (ஒரு போர்ட்ட பலதாக்கற பெட்டி) சொருகாதீங்க, தனி அடாப்டர் இல்லாத சாதா யூஎஸ்பி 2 ஹப்ல ஒரு போர்ட்டுக்கு 100 மில்லி ஆம்ப்தான் கணக்கு, லேப்டாப்போட சொந்த போர்ட்ல 500, யூஎஸ்பி 3னா 900. ஃபான்டம் பவர் (மைக்குக்குப் போற அந்த 48 வோல்ட்) போட்டா இன்டர்ஃபேஸ் இன்னும் ஜாஸ்தி இழுக்கும், அதனாலதான் சிலருக்கு 48 வோல்ட் பட்டன அமுக்கினதும் காணாம போயிடும். டெஸ்க்டாப்னா முன்பக்க போர்ட விட்டுட்டு மதர்போர்டுல நேரா இருக்கிற பின்பக்க போர்ட்ல சொருகுங்க. டைப் சி பொருள்னா இன்னொரு சிக்கல், சிலது சி டு சி கேபிள்ல லைட்டே எரியாது, பழைய ஏ டு சி கேபிள்ல சொருகினா உடனே எரியும், அதுக்கு காரணம் அந்தப் பொருளுக்குள்ள வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர மிச்சம் புடிக்கறதுக்காக வைக்காம விட்டிருப்பாங்க, அது இல்லன்னா சி போர்ட் கரண்டே குடுக்காது. சீப்பான மைக்ல இது ரொம்ப சகஜம், பொருள் செத்துடுச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

கொஞ்ச நேரம் ஓடிட்டு நடுவுல காணாம போகுதுன்னா பவர் ஆப்ஷன்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட (சும்மா இருக்கிற யூஎஸ்பி சாதனத்த தூங்க வைக்கற வசதி) ஆஃப் பண்ணுங்க, டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொண்ணுலயும் பவர் மேனேஜ்மென்ட் டேப்ல டிக்க எடுத்துடுங்க. ஏஎம்டி ரைசன் மதர்போர்டுல, குறிப்பா 500 சீரிஸ் சிப்செட்ல, யூஎஸ்பி விட்டு விட்டுப் போறத 2021ல ஏஎம்டியே ஒத்துக்கிட்டு ஏஜிஇஎஸ்ஏ 1.2.0.2னு பயாஸ் (மதர்போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் குடுத்தாங்க, இன்னும் அந்த பயாஸ் போடாம ஆடியோ கட்டாகுதுன்னு இன்டர்ஃபேஸ மாத்திக்கிட்டு இருக்கறவங்க இருக்காங்க. பழைய இன்டர்ஃபேஸ புது விண்டோஸ் 11 லேப்டாப்ல போட்டா டிரைவர் லோட் ஆகலன்னு வந்தா விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷன்ல மெமரி இன்டக்ரிட்டி ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது பழைய டிரைவர உள்ள விடாது. அத ஆஃப் பண்றத விட கம்பெனி சைட்ல புது டிரைவர் இருக்கான்னு தேடறது நல்லது, ஏன்னா அது பாதுகாப்புக்கு இருக்கிற விஷயம். ஸ்நாப்டிராகன் சிப்பு போட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடியே உங்க இன்டர்ஃபேஸுக்கு ஆர்ம் டிரைவர் (அந்த வகை சிப்புக்குன்னே எழுதின டிரைவர்) இருக்கான்னு பாத்துக்குங்க, சாதா இன்டெல் டிரைவர் அதுல ஏறவே ஏறாது.

என் லேப்டாப்பையும் ஒரு தடவ சுத்தம் பண்ணிக் குடுத்தாரு. டிவைஸ் மேனேஜர்ல வியூல போய் ஷோ ஹிட்டன் டிவைசஸ் போட்டா, முன்னாடி எந்தெந்த போர்ட்ல சொருகினோமோ அதெல்லாம் மங்கலா வரிசையா நிக்குது, அதுல இந்த இன்டர்ஃபேஸோட எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் போட்டு, டிரைவர மொதல்ல இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறமா சொருகினாரு. எப்பவும் இந்த வரிசைலதான் பண்ணணுமாம், டிரைவர் மொதல்ல, பொருள் அப்புறம், கம்பெனிக்காரன் வேற மாதிரி சொல்லியிருந்தா மட்டும் அவன் சொல்றபடி. அதுக்கப்புறம் சவுண்ட் செட்டிங்ஸ்ல சாம்பிள் ரேட் 48000னு என் ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல இருக்கறதுக்கு ஏத்த மாதிரி வச்சிட்டு, என்னைய ஒரு பத்தி படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணி போட்டுக் காட்டினாரு. வேலைய முடிச்சு, ஓடுதுன்னு கஸ்டமர் காதால கேட்டதுக்கு அப்புறம்தான் காசுப் பேச்சே வருது, இந்த ஒழுங்கு எனக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

இதுவரைக்கும் ஒரு தடவகூட கட்டாகல, நீளமான ஆடியோ புக் வேலை ஒண்ணு முழுசா அதுலயே முடிச்சு அனுப்பிட்டேன்.

இப்ப அந்த அரை ஸ்டார். மாடிப்படி ரொம்ப குறுகல், கனமான மிக்சர தூக்கிட்டுப் போறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் கஷ்டம். போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, முடிஞ்சிடுச்சான்னு தெரிய நேர்லதான் போகணும். பில் நீங்களா கேட்டாத்தான் எழுதித் தருவாங்க, ஆபீஸ் கணக்குக்கு வேணும்னா மொதல்லயே சொல்லிடுங்க. கொரியர்ல அனுப்பினா வாங்கறதில்ல, அதனால வெளியூர்க்காரங்களுக்கு இது பிரயோஜனம் இல்ல. உக்கார எடம் ரெண்டே ஸ்டூல்தான். அப்புறம் சில மாடலோட மெயின் சிப்பே போயிருந்தா அவராலயும் முடியாது, அந்த சிப்புக்குள்ள கம்பெனியோட ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே எழுதி வச்ச சாஃப்ட்வேர்) இருக்கும், வெளில கெடைக்காது, அப்படி இருந்தா மொகத்துக்கு நேரா "முடியாதும்மா"னு சொல்லி பாத்ததுக்கு மட்டும் 100 ரூபா வாங்கிக்கறாரு. நான் இருக்கும்போதே ஒருத்தருக்கு அப்படி சொன்னாரு, அது எனக்கு குறையா தெரியல.

உங்க ஊர்ல வேற கடைக்குப் போறீங்கன்னா நான் ஒண்ணு சொல்றேன், பொருள வாங்கினதும் தொறக்காம ரேட் சொல்ற கடைல குடுக்காதீங்க. டி பிளஸ் டி மைனஸ் ரெண்டையும் மீட்டர்ல பாத்தீங்களான்னு கேளுங்க, அந்தக் கேள்விக்கு முழிச்சாங்கன்னா நன்றி சொல்லிட்டு பொருள கைல வாங்கிட்டு வந்துடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போறவங்களுக்கு: வண்டில போகாதீங்க, நிறுத்த எடமே கெடைக்காது, மெட்ரோல அரசினர் தோட்டம் இல்லன்னா பறக்கும் ரயில்ல சிந்தாதிரிப்பேட்டை எறங்கினா நடந்தே போயிடலாம். ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடை லீவு. மத்த நாள்ல 11 மணி வாக்குல போனா கூட்டம் கம்மி, சாயங்காலம் ஆச்சுன்னா நிக்கவே எடமிருக்காது. இன்டர்ஃபேஸ் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, நீங்க தெனமும் சொருகற அதே கேபிள், லேப்டாப், அதோட சார்ஜர் எல்லாத்தையும் கொண்டு போங்க, அவரு மொதல்ல பாக்கறது கேபிளத்தான், டைப் சி மாடல் வச்சிருக்கறவங்க ரெண்டு வித கேபிளும் எடுத்துக்குங்க.